இறங்கச் சொன்ன வழிகாட்டி

கினபாலு மலைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா ஒன்றும் பேசவில்லை. சமையலறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, “அந்த மலையா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த மலைதான்.

2015ஆம் ஆண்டில் நான் தொடக்கநிலை 6ல் படித்துக்கொண்டிருந்தேன். ஜூன் விடுமுறை. பிஎஸ்எல்இ தேர்வுக்காக அம்மா வாங்கி வைத்த பயிற்சித் தாள்கள் சாப்பாட்டு மேசையை நிறைத்திருந்தன. ஜூன் 5ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று மாலை சிங்கப்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா. தொலைக்காட்சியில் அதைப் பார்க்கலாம் என்று காத்திருந்த எனக்கு, செய்தியில் வந்த மலைப் படம்தான் இன்றும் நினைவில் இருக்கிறது. தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்கள் அங்கே சென்றிருந்தார்கள். அவர்களும் தொடக்கநிலை 6. என் வயது.

அன்று காலை 7.15 மணிக்குச் சாபா மாநிலத்தின் ரானாவ் வட்டாரத்தை 6.0 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. மலையில் 18 பேர் உயிரிழந்தனர். தஞ்சோங் காத்தோங் குழுவில் மட்டும் மாணவர்கள் 7 பேர், ஆசிரியர்கள் 2 பேர், உடன் சென்ற சாகசப் பயிற்றுநர் ஒருவர் என 10 பேர். ஜூன் 8ஆம் தேதி தேசிய நினைவுநாளாக அறிவிக்கப்பட்டது. விளையாட்டரங்குகளில் எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். வீட்டில் நானும் எழுந்து நின்றேன். ஏன் என்று அப்போது முழுதாகப் புரியவில்லை.

பல்கலைக்கழக விடுமுறையில் நண்பர்கள் ஐவர் சேர்ந்து கினபாலு ஏறலாம் என்று பேச்செடுத்தபோது எனக்கு அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது. அம்மாவைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆயிற்று. “வழிகாட்டி இல்லாமல் ஒரு அடிகூட ஏற விடமாட்டார்கள் அம்மா” என்பதுதான் கடைசியில் எடுபட்ட வாதம். அதை நான் ஒரு விதிமுறையாகத்தான் சொன்னேன். அந்த விதிமுறைக்கு முகமும் குரலும் உண்டு என்பது மலையில்தான் தெரிந்தது.

வாசலில் ஒரு கணக்கெடுப்பு

கினபாலு 4,095 மீட்டர் உயரம். ஏறுவது திம்போஹோன் வாசலில் தொடங்குகிறது. அதுவே 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாரந்தோறும் மூன்று முறை ஏறி இறங்கிப் பயிற்சி செய்ததை நாங்கள் பெரிய சாதனையாக நினைத்திருந்தோம்!

வாசலில் எங்கள் பெயர்களைச் சரிபார்த்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை தந்தார்கள். உச்சிக்குப் போகும் வழியில் சாயாட்-சாயாட் சாவடியில் இதை மறுபடியும் பார்ப்பார்கள். இறங்கி வந்தபிறகும் கணக்கு உண்டு. மேலே போனது எத்தனை பேர், கீழே வந்தது எத்தனை பேர் என்பது ரேஞ்சர்களுக்கு எந்த நேரத்திலும் தெரிந்திருக்க வேண்டும். நிலநடுக்க நாளில் மலைமேல் 137 பேர் சிக்கியிருக்கிறார்கள் என்று சொல்ல முடிந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு வந்த வழிகாட்டிக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். கடசான்-டூசுன் இனத்தவர், மலையடிவாரக் கிராமத்துக்காரர். பத்திரிகையில் எழுதினால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நாங்கள் அழைத்தபடியே ‘அபாங்’ என்றே சொல்கிறேன். மலாயில் இவர்களை ‘மாலிம் குனோங்’ என்பார்கள். சாபா பார்க்ஸ் அமைப்பின் ரேஞ்சர்கள் பூங்காவின் ஊழியர்கள். மாலிம்கள் அந்த அமைப்பின் அனுமதி பெற்று ஏறுபவர்களை அழைத்துச் செல்பவர்கள். ஆனால் மலையில் ஒருவர் விழுந்துவிட்டால் யார் ஊழியர், யார் வழிகாட்டி என்ற வேறுபாடு இருக்காது. வாக்கி-டாக்கியில் அழைப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் ஓடுவார்.

முதல் மூன்று கிலோமீட்டர் வரை அபாங் அதிகம் பேசவில்லை. எங்கள் காலணிகளைப் பார்த்தார். யார் தண்ணீர் குடிக்கிறார்கள், யார் குடிக்கவில்லை என்று பார்த்தார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. இடையிடையே ‘பொண்டோக்’ என்ற ஓய்வுக் குடில்கள் இருக்கின்றன. ஒன்றில் உட்கார்ந்தபோது, “உங்களுக்கு அதிகமாக வரும் அவசர அழைப்பு எது?” என்று கேட்டேன். கட்டுரை எழுதும் நோக்கம் அப்போதே இருந்தது. பெரிய கதை ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன்.

“முழங்கால்” என்றார்.

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் கால் போகும். உச்சியைத் தொட்ட மகிழ்ச்சியில் படிகளில் குதித்து இறங்குபவர்கள், நான்காவது கிலோமீட்டரில் உட்கார்ந்து அழுவார்களாம். சுளுக்கிய கணுக்கால், பிசகிய முழங்கால், மழையில் வழுக்கி உடைந்த மணிக்கட்டு. இவற்றில் பாதியை முதுகில் சுமந்தே இறக்கியிருக்கிறார்கள். செருப்புடன் வந்தவர்கள், பருத்திச் சட்டை ஒன்றோடு வந்தவர்கள், படம் எடுப்பதற்காகக் கயிற்றை விட்டு விலகிப் போனவர்கள் என்று அவர் அடுக்கியபோது நாங்கள் சிரித்தோம். என் பையில் இருந்தது பருத்திச் சட்டைதான் என்பதை நான் சொல்லவில்லை.

பருத்தி ஏன் கூடாது என்பதை அவர் விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். மலைக்காற்று அடித்தால், வெப்பநிலை உறைநிலைக்குப் போகாமலேயே ஒருவர் உடல்குளிர்வு நிலைக்குப் போய்விடலாம். முதலில் நடுக்கம் வரும். விரல்கள் சொன்னபடி கேட்காது. பொத்தான் போட முடியாது. பிறகு பேச்சு குழறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்கக்கூடாது, அதுதான் ஓட வேண்டிய நேரம் என்றார். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, தரைக்கும் உடம்புக்கும் இடையே எதையாவது விரித்து, நினைவிருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுப்பார்கள். கை கால்களைத் தேய்த்துவிட மாட்டார்கள்.

மேகமும் மழையும் இந்த மலையில் வேடிக்கை இல்லை. மரங்கள் முடிந்த இடத்திலிருந்து மேலே எல்லாம் வழுவழுப்பான கருங்கல் பாறை. பெருமழை பெய்தால் அந்தப் பாறை முழுதும் அருவியாகிவிடும். மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி இருப்பவர் தெரியமாட்டார். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனிலிருந்து வந்த பதின்ம வயதுப் பெண் ஒருவர் உச்சிக்கு அருகே பனிமூட்டத்தில் வழிதவறி உயிரிழந்தார். 1994ல் மலையின் வடபுறத்தில் உள்ள ‘லோஸ் கல்லி’ என்ற ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கிய பிரிட்டிஷ் ராணுவக் குழுவில் ஐவர், மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் போக முடியாமல் பல நாள் சிக்கிக்கொண்டனர். பயிற்சி பெற்ற படைவீரர்கள்! நல்லவேளையாக அந்தக் குழுவில் 10 பேரும் பிழைத்தார்கள்.

எனக்குத் தெரிந்த ரகசியம்

பனலாபான் என்ற இடத்தில்தான் இரவு தங்க வேண்டும். உயரம் 3,272 மீட்டர். பிற்பகல் மூன்று மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. மாடிப்படி பத்து ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது.

ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாடு. என் தோழி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கரண்டியால் அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருந்தாள். இந்தப் பயணத்தையே திட்டமிட்டவள் அவள்தான். அனுமதிக்கு விண்ணப்பித்தது, விமானச் சீட்டு வாங்கியது, எங்களிடம் பணம் வசூலித்தது எல்லாம் அவள். பகுதிநேர வேலை செய்து மாதக்கணக்கில் சேர்த்த பணம் அது.

“பசிக்கலையா?”

“களைப்புடி. வேற ஒண்ணுமில்ல.”

அபாங் மேசைக்கு வந்து ஒவ்வொருவரையும் தலைவலி இருக்கிறதா, குமட்டுகிறதா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். தலையாட்டும்போது கண்ணைச் சுருக்கியதை நான் பார்த்தேன்.

எட்டு மணிக்கு விளக்கணைத்தபிறகு, மேல் படுக்கையிலிருந்து அவள் குரல் வந்தது. “தலை வெடிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு பானடோல் போட்டுட்டேன். அபாங்கிட்ட சொல்லிடாத. சொன்னா இறக்கிவிட்டுடுவாரு.”

நான் சொல்லவில்லை.

இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. நட்புக்காகச் சொல்லாமல் இருந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் இறங்கினால் யாராவது ஒருவர் அவளோடு இறங்க வேண்டியிருக்கும். அது நானாகத்தான் இருக்கும். எனக்கும் உச்சி வேண்டும்.

‘நேராக நடந்து காட்டு’

அதிகாலை இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். தலையில் விளக்கு, கையில் கையுறை. சாயாட்-சாயாட் சாவடியை ஐந்து மணிக்குள் கடக்காதவர்களை மேலே விடமாட்டார்கள் என்பதால் எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். இருட்டில் விளக்குகள் வரிசையாக மேலே ஏறுவதைப் பார்க்கத் தைப்பூசத்தில் பால்குடம் ஏந்திப் படியேறும் கூட்டம் நினைவுக்கு வந்தது.

மரப்படிகள் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், மணி மூன்றரை தாண்டியிருக்கும், முன்னே போன தோழி கைப்பிடியைப் பிடிக்கப் போய் ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தாள். சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வழுக்கிவிட்டது என்று சொன்னாள். சொன்ன விதம் சரியாக இல்லை. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அபாங் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று தெரியவில்லை. அவளை ஒரு சமமான பலகைமேல் நிறுத்தி, “ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் வைத்து, நேராக நடந்து காட்டு” என்றார். மூன்றாவது அடியில் அவள் பக்கவாட்டில் சரிந்தாள். அவர் தயாராக நின்றிருந்ததால் பிடித்துக்கொண்டார்.

“எப்போதிலிருந்து தலைவலி?” இந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நேற்றுச் சாயங்காலத்திலிருந்து” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் வாக்கி-டாக்கியை எடுத்தார்.

உயரமான மலைகளில் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் மலைநோய் வரலாம். உடல்வலு உள்ளவர், இல்லாதவர் என்று அது பார்ப்பதில்லை. என் தோழி பள்ளி நாள்களில் ஓட்டப்பந்தய வீராங்கனை. தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். அந்த நிலையில் மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நடை தடுமாறுவதும் பேச்சு குழம்புவதும் வேறு கட்டம். மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கியிருக்கலாம் என்பதன் அடையாளம் அது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. மாத்திரைகளும் ஆக்சிஜனும் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். உடனே கீழே இறங்குவதே வைத்தியம்.

பின்னால் இரண்டே பேரோடு வந்துகொண்டிருந்த இன்னொரு வழிகாட்டி எங்கள் நண்பர்கள் மூவரையும் சேர்த்துக்கொண்டார். ஒரு வழிகாட்டிக்கு ஐந்து பேர் என்ற கணக்கு அங்கேயும் மீறப்படவில்லை. நானும் அபாங்கும் தோழியை நடுவில் தாங்கியபடி இறங்கினோம். “நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க” என்று அவள் அழுதாள். தமிழில் அழுதாள். அபாங்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் “ஆமாம், ஆமாம்” என்று மலாயில் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பனலாபானில் ரேஞ்சர்கள் ஆக்சிஜன் கலனோடு காத்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. இனி விடியும்வரை இங்கேயே படுத்திருக்கலாம் என்று நான் நினைத்தேன். அவர்கள் ஸ்ட்ரெச்சரை விரித்தார்கள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அந்தப் பாதையை நான் பகலில் ஏறியிருந்தேன். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். வேர்களும் ஈரக் கற்களும். அதில் இருட்டில் ஆறு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்க, இரண்டு பேர் முன்னால் வெளிச்சம் காட்டினார்கள். குறுகலான இடங்களில் இரண்டு பேர்தான் பிடிக்க முடியும். மற்றவர்கள் பின்னாலிருந்து கயிற்றால் இழுத்துப் பிடித்தார்கள். சில நூறு மீட்டருக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள். யாரும் கத்தவில்லை. “படி”, “வேர்”, “நில்” என்ற ஒற்றைச் சொற்கள் மட்டும் முன்னாலிருந்து பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் வழுக்கி முட்டியில் விழுந்தார். ஸ்ட்ரெச்சர் சாயவில்லை. அவர் எழுந்து, அதே கைப்பிடியை மறுபடி பிடித்துக்கொண்டார்.

ஆள் மாறி நின்ற ஓரிடத்தில் அபாங் என் பக்கத்தில் வந்து நின்றார். மழையங்கியின் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோபம் இல்லாத குரலில்தான் பேசினார். “நேற்று ஐந்து மணிக்குச் சொல்லியிருந்தால், வெளிச்சத்தில் அவள் காலாலேயே நடந்து இறங்கியிருப்பாள். இப்போது எட்டுப் பேர் தூங்கவில்லை.”

அவர் சொன்னது கணக்கு. திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஜூன் காலை

மணி ஆறரைக்கு மேல், மழை விட்டு வெளுத்தபிறகுதான் நான் 2015 பற்றிக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று கேட்ட உடனே தோன்றியது.

அன்று அவருக்கு முறை இல்லை. கீழே கிராமத்தில் இருந்தாராம். வீடு ஆடியது. மலையைப் பார்த்தால் பாறை உடைந்து தூசி எழும்புவது தெரிந்தது. “மேலே இருந்தவர்களில் எனக்குத் தெரியாத வழிகாட்டி ஒருவரும் இல்லை” என்றார். பிறகு காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் இறங்கிவரும் மலையில் இவர் ஏறியிருக்கிறார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மீதியை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். காலை 7.15 என்பது, உச்சியில் சூரிய உதயம் பார்த்தவர்கள் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். தஞ்சோங் காத்தோங் மாணவர்கள் பாறையில் இரும்புக் கம்பி பதித்து அமைத்த சாகசப் பாதையில் இருந்தார்கள். ‘கழுதைக் காது’ என்று பெயர்பெற்ற இரட்டைச் சிகரத்தில் ஒன்று உடைந்து விழுந்தது. வழக்கமான பாதை பாறைச் சரிவில் சிதைந்தது. பின்னதிர்வுகள் தொடர்ந்தன. ஹெலிகாப்டர்கள் பறந்து பார்த்தும் மேகமும் காற்றும் இடம் கொடுக்கவில்லை. மேலே சிக்கியிருந்தவர்கள் குளிரில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் அவர்களை இறக்கிக் கொண்டுவந்தவர்கள் உடனிருந்த மாலிம்கள்தான். கயிறுகளைக் கட்டி, சரிந்த பாறைகளுக்கு இடையே வழி தேடி, ஒவ்வொருவராகக் கடக்கவைத்து, இரவெல்லாம் நடத்தி அடிவாரம் சேர்த்தார்கள். உயிரிழந்த 18 பேரில் மலை வழிகாட்டிகள் 4 பேர்.

மலேசியா நிலநடுக்கம் வராத நாடு என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. சாபாவின் அடியில் உயிருள்ள பிளவுகள் இருப்பது புவியியலாளர்களுக்குத் தெரியும். லாஹாட் டத்துவில் 1976ல் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் மலையில் இருந்தவர்களுக்கு அப்படி ஒன்றுக்கான பயிற்சி இருக்கவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தீயணைப்பு, மீட்புப் படையின்கீழ் மலை மீட்புக்கென்றே ‘மோசார்’ என்ற சிறப்புக் குழு உருவானது. மலை 2015 செப்டம்பரில் பனலாபான் வரைக்கும், டிசம்பரில் உச்சிவரைக்கும் மறுபடி திறக்கப்பட்டது. சிதைந்த பகுதிக்குப் பதிலாக ‘ரானாவ் பாதை’ என்ற புதிய வழி அமைத்தார்கள். நாங்கள் பாதியில் திரும்பிய படிகள் அந்தப் புதிய வழியில் இருப்பவை.

கடசான்-டூசுன் மக்களுக்கு அந்த மலை, இறந்த முன்னோரின் ஆவிகள் தங்கும் இடம். ‘அக்கி நபாலு’ என்பார்கள். ஆண்டுதோறும் மலைக்குச் சடங்கு செய்து அனுமதி கேட்கிறார்கள். அபாங் தொழில்முறையில் வானிலையையும் பார்க்கிறார், ஏறுவதற்குமுன் மனத்துக்குள் மலையிடமும் கேட்டுக்கொள்கிறார். இரண்டுக்கும் இடையே அவருக்குச் சிக்கல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பியபிறகு மலேசியாவின் பிற பூங்காக்கள் பற்றியும் தேடிப் படித்தேன். தாமான் நெகாராவில் ரேஞ்சர்களின் எதிரி உயரமல்ல, தண்ணீர். மேல்காட்டில் பெய்யும் மழை, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவர்களை நோக்கிச் சுவர்போல வரும். மலாயில் அதை ‘கெப்பாலா ஆயேர்’ என்கிறார்கள். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், உடனே கரையேற வேண்டும். 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில் அங்கே சிக்கிய சுற்றுப்பயணிகளைப் படகிலும் ஹெலிகாப்டரிலும் வெளியேற்ற வேண்டியிருந்தது. குனோங் தஹான் 2,187 மீட்டர்தான். ஆனால் போய்வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் காட்டு வழி. நான்காம் நாள் ஒருவருக்குக் கால் உடைந்தால் அவரைச் சுமந்து வருவதும் நாள்கணக்குதான். இதோடு அங்குள்ள ரேஞ்சர்கள் புலிக்கும் மானுக்கும் வைத்த கம்பிக் கண்ணிகளைத் தேடி அகற்ற வேண்டும். ஆயுதத்தோடு வரும் வேட்டைக்காரர்களை எதிர்கொள்ள வேண்டும். ‘காட்டில் நடப்பதற்குச் சம்பளம்’ என்று நான் ஒருகாலத்தில் நினைத்த வேலை இது.

கறுப்பு வெள்ளைச் சான்றிதழ்

லாயாங்-லாயாங் குடிலை அடைந்தபோது உயரம் 2,700 மீட்டருக்கு வந்திருந்தது. அங்கே ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்தார்கள். என் தோழி கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். “மைலோ இருக்கா?” என்று கேட்டாள். தூக்கி வந்தவர்களில் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். தன் குடுவையில் இருந்ததை ஊற்றிக் கொடுத்தார். அது காப்பி. அவள் குடித்துவிட்டாள்.

கடைசி இரண்டு கிலோமீட்டரை அவள் எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். கீழே பரிசோதித்த மருத்துவர், கடுமையான மலைநோய், மூளை வீக்கத்தின் தொடக்கமாகவும் இருந்திருக்கலாம் என்றார். இன்னும் ஓரிரு மணி நேரம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

மற்ற மூவரும் உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, நிறையப் படங்களோடு பிற்பகலில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு வாரம் என் தோழி என்னோடு சரியாகப் பேசவில்லை. உச்சிக்குப் போக முடியாத கோபம் என்று நினைத்தேன். ஒருநாள் உணவங்காடியில் எதிரே வந்து உட்கார்ந்து, “நான் சொல்லாதேன்னு சொன்னா நீயும் சொல்லாம இருந்துடுவியா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. டே தாரேக் ஆறும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மலை பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “அந்த ஆளுக்குப் பிள்ளைகள் இருக்கா?” என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். கடைக்குட்டிக்குப் பன்னிரண்டு வயது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும் என்று இப்போதே முகவரி கேட்டு வைத்திருக்கிறார்.

கினபாலு உச்சியை அடைந்தவர்களுக்கு வண்ணச் சான்றிதழ் தருகிறார்கள். பனலாபான் வரை போனவர்களுக்குக் கறுப்பு வெள்ளை. எங்கள் இருவருக்கும் கறுப்பு வெள்ளைதான். என்னுடையது மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவளுடையதைச் சட்டம்போட்டு அறையில் மாட்டியிருக்கிறாள்.

அன்று சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மணி பத்துக்கு மேல் ஆகியிருந்தது. அபாங்குக்கு நன்றி சொல்லலாம் என்று தேடினேன். அவர் திம்போஹோன் வாசலுக்குப் போகும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார். வரவேண்டிய வழிகாட்டி ஒருவருக்குக் காய்ச்சலாம். அவருக்குப் பதிலாகப் போகிறார். ஈரக் காலணியை மாற்றக்கூட இல்லை. வேனுக்குள் நான்கு பேர் புதிய மழையங்கிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கதவை மூடுவதற்குமுன் அவர் அவர்களுடைய கால்களைக் குனிந்து பார்த்தார்.